ஆட்டு மூளையிலிருந்து வந்த மருந்து: குன்னூரும் வெறிநாய்க்கடி ஊசியும்

வெறிநாய்க்கடிக்கான தடுப்பு மருந்து இந்தியாவில் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக விலங்கின் மூளையிலிருந்தே செய்யப்பட்டு வந்தது. 1911இல் கசௌலியில் வகுக்கப்பட்ட அந்த முறை 2004 டிசம்பரில்தான் கைவிடப்பட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி போட்டுக்கொண்டவர்கள் தமிழகத்தின் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கான மருந்து நீலகிரி மலைமேல் குன்னூரில் இருந்து வந்தது.

ரேபிஸ் வைரஸ் வெறிபிடித்த விலங்கின் எச்சில் வழியாகக் காயத்தில் இறங்குகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு கலந்து பரவாமல், நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களில் நோய் வெளிப்படும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் வழி குறுகியது, நாளும் குறையும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால் சாவு ஏறத்தாழ உறுதி. ஆனால் கடிக்கும் நோய்க்கும் நடுவே கிடைக்கும் இந்த இடைவெளியால், மற்றத் தொற்றுநோய்களில் அரிதாகவே காணும் ஒரு வாய்ப்பு இதில் இருக்கிறது. நோய் உள்ளே நுழைந்த பிறகும் தடுப்பூசி போடலாம்.

அந்த வாய்ப்பை முதலில் பயன்படுத்திக்கொண்டவர் லூயி பாஸ்டியர். வைரஸை அவர் கண்ணால் கண்டதில்லை. அக்கால நுண்ணோக்கியில் அது தெரியாது, சோதனைக் குழாயில் வளராது. எனவே முயலின் மூளையையே வளர்ப்பு ஊடகமாக்கினார். ஒரு முயலிலிருந்து இன்னொரு முயலுக்கு என்று நோயைத் தொடர்ந்து மாற்றிக்கொண்டே போனதில், ஏறத்தாழ ஏழு நாளில் தவறாமல் நோய் வெளிப்படும் நிலைத்த வைரஸ் ஒன்று கிடைத்தது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை ஈரம் உறிஞ்சும் பொட்டாஷ் இட்ட குடுவையில் தொங்கவிட்டு, அவரும் உடன் ஆய்வாளர் எமில் ரூவும் உலர்த்தினார்கள். நாள் கூடக்கூட வீரியம் குறைந்தது. 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் குதறிய ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு நன்றாக உலர்ந்த தண்டுவடக் கரைசலில் தொடங்கி, வீரியம் மிக்கது வரை 13 ஊசிகள் போடப்பட்டன. பாஸ்டியர் மருத்துவர் அல்லர் என்பதால் ஊசியைப் பிடித்தது வேறு மருத்துவரின் கை. சிறுவன் பிழைத்தான். மறு ஆண்டு ரஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் பகுதியில் ஓநாய் கடித்த 19 பேர் பாரிஸுக்கு வந்தார்கள். 16 பேர் உயிரோடு திரும்பினார்கள். 1888இல் பாரிஸில் பாஸ்டியர் நிறுவனம் திறக்கப்பட்டது.

இந்தியாவில் கடிபட்ட ஆங்கிலேயப் படைவீரர்களையும் அதிகாரிகளையும் பாரிஸுக்குக் கப்பலேற்றி அனுப்பும் வழக்கம் அதன்பின் ஏற்பட்டது. கடல் பயணத்துக்கே வாரக்கணக்கில் ஆகும். மற்றவர்களுக்குக் காயத்தில் சூடு போடுவதும், அமிலம் வைத்துக் கரிப்பதும், மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ அப்புவதும், வேரும் மந்திரமும்தான். இந்த நிலையில் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் நாட்டின் முதல் பாஸ்டியர் நிறுவனம் டேவிட் செம்பிள் தலைமையில் தொடங்கப்பட்டது. மலைக்குளிர் மருந்தைக் கெடாமல் வைத்திருக்க உதவியது. ஆனால் சென்னை மாகாணத்துக்காரருக்கு அது 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

தெற்கில் ஒரு நிறுவனம் வேண்டும் என்ற கோரிக்கை ஒரு சாவினால் வலுப்பெற்றது. 1902இல் லில்லி பேகன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் கடித்து இறந்தார். இந்திய வைஸ்ராயாக இருந்த கர்சனிடம் அமெரிக்க எஃகு வணிகர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் இதற்கென ஒதுக்கப்பட்டது. அதே நன்கொடையின் பெரும்பகுதி பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையமாகியது. 1907இல் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே தென்னிந்தியப் பாஸ்டியர் நிறுவனம் திறக்கப்பட்டது. இடத்தேர்வில் குளிர் மட்டுமல்ல, ரயிலும் இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பற்சக்கரப் பாதை 1899இலேயே போடப்பட்டிருந்ததால், மாகாணத்தின் எந்தத் திசையிலிருந்து வருகிறவரும் மலைவரை வண்டி மாறி வர முடிந்தது.

என்றாலும் வந்து சேர வேண்டியவர் நோயாளிதான். பாஸ்டியர் முறையில் மருந்து ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகாது. ஒவ்வொரு நாளும் புதிதாக நோயேற்றிய முயல்கள் வேண்டும். எந்தத் தண்டுவடம் எத்தனை நாள் உலர்ந்தது என்ற கணக்கு தப்பக்கூடாது. கடைசி ஊசிகளில் இருப்பது உயிருள்ள வைரஸ். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ நாய் கடித்த ஒரு விவசாயி, மலையேறிப் போய்ப் பல நாள் தங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கூட ஓர் ஆள், கூலி இழப்பு, வழிச்செலவு எல்லாம் சேர்ந்து, மருந்து இருந்தும் பலருக்கு அது இல்லாததாகவே இருந்தது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் செம்பிள். 1911இல் அவர் வெளியிட்ட முறையில் வைரஸ் கொல்லப்பட்டது. நோயேற்றிய விலங்கின் மூளையை அரைத்து, ஃபீனால் கலந்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒருநாள் வைத்தால் வைரஸ் செத்துவிடும். ஆனால் உடலுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுக்கொடுக்கும் தன்மை எஞ்சியிருக்கும். செத்த வைரஸைக் குப்பியில் அடைத்துத் தபாலில்கூட அனுப்பலாம். செம்பிளின் பெயர் மருத்துவ வரலாற்றில் பாஸ்டியருக்கு எங்கோ கீழே இருக்கிறது. ஏழை நாடுகளில் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணினால் அந்த இடைவெளி நியாயமானதல்ல.

முதலில் முயல் மூளையில் செய்த மருந்து பின்னர் செம்மறியாட்டு மூளைக்கு மாறியது. காரணம் அளவு. முயலின் மூளை பத்து கிராம் அளவுதான். ஆட்டு மூளை நூறு கிராம் தேறும். 5 சதவீதக் கரைசலாக்கினால் இரண்டு லிட்டர் மருந்து.

செய்முறை எளிது, ஆனால் கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. ஆட்டின் தலைமயிரை மழித்து, மயக்கமருந்து கொடுத்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு நிலைத்த வைரஸைச் செலுத்துவார்கள். ஒரு வாரத்துக்குள் ஆடு தள்ளாடும்; பின் கால்கள் விழும். அந்தக் கட்டத்தில் அதைக் கொன்று, மண்டையைத் திறந்து, மூளையைக் கிருமி படாமல் எடுக்க வேண்டும். அரைத்த விழுதை வடிகட்டி, ஃபீனால் சேர்த்து, வெப்பப் பெட்டியில் வைப்பார்கள். பிறகு சோதனை. வேறு பாக்டீரியா ஏதும் இருக்கிறதா என்று ஊடகத்தில் இட்டுப் பார்ப்பது ஒன்று. வைரஸ் உண்மையிலேயே செத்ததா என்று சோதனை விலங்குகளின் மூளையில் செலுத்திப் பார்ப்பது இன்னொன்று. விலங்கு நோயுற்றால் அந்தத் தொகுதி முழுவதும் கழிவு. இதையெல்லாம் கடந்த, பால்போலக் கலங்கிய நீர்மம்தான் குப்பிகளில் அடைபட்டு மலையிறங்கியது.

ஊசி வயிற்றில் போடப்பட்டதற்கு மர்மம் ஏதும் இல்லை. கடியின் கடுமையைப் பொறுத்து வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டர் வரை, 7 முதல் 14 நாள் தொடர்ந்து செலுத்த வேண்டியிருந்தது. அவ்வளவு நீர்மத்தைத் தோலுக்கடியில் ஏற்க வயிற்றுப்பகுதித் தோலில்தான் தளர்வும் இடமும் உண்டு. நேற்றுக் குத்திய இடம் வீங்கியிருக்கும் என்பதால் இன்று வேறு இடம்; தொப்புளைச் சுற்றி வருவது அப்படித்தான். பாதியில் ஓடிப்போனவர்கள் ஏராளம். நாயைவிட ஊசிக்கு அஞ்சி மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்தவர்களும் உண்டு.

மலையிறங்கியது மருந்து என்றால், மலையேறியது நாய்த்தலை. கடித்த நாய் வெறிபிடித்ததுதானா என்று அறிய, அதன் தலையை வெட்டிப் பனிக்கட்டியோடு தகரப் பெட்டியில் அடைத்தோ, மூளையைக் கிளிசரின் கரைசலில் இட்டோ ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1903இல் இத்தாலியின் பவியா நகரில் அடெல்கி நெக்ரி, வெறிநோயில் இறந்த விலங்குகளின் மூளைச் செல்களில் சாயமேற்றினால் தெரியும் சிறு உருண்டைகளைக் கண்டறிந்திருந்தார். மூளையின் ஒரு துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி, சாயம் ஏற்றி, அந்த உருண்டைகளைத் தேடுவதே சோதனை. இருந்தால் வெறிநோய் உறுதி. இல்லாவிட்டால் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. 1958இல் ஒளிரும் எதிர்பொருள் சோதனை வந்த பிறகே அந்தச் சந்தேகம் பெருமளவு தீர்ந்தது.

நாய் உயிரோடு இருந்தால் பத்து நாள் கட்டிவைத்துப் பார்ப்பது இன்றுவரை உள்ள விதி. எச்சிலில் வைரஸ் சுரக்கும் நாய் அந்தக் கெடுவுக்குள் நோயுற்றுச் சாகும் என்பது அதன் அடிப்படை. இதற்கு முரணான சான்று ஒன்று குன்னூரிலிருந்தே வந்தது. 1960களின் பிற்பகுதியில் என். வீரராகவனும் உடனிருந்தவர்களும் தென்மாவட்டத்துச் சுரண்டையிலிருந்து வந்த ஒரு நாயை ஆய்வகத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். நோய்க்குறி ஏதும் இல்லாமலேயே அதன் எச்சிலில் அவ்வப்போது வைரஸ் வெளிப்பட்டதாக அவர்களுடைய அறிக்கை பதிவு செய்தது. உலக அளவில் ரேபிஸ் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டும் நாய்களில் சுரண்டை நாயும் ஒன்று. அத்தகைய நாய்கள் மிக அரிது என்பதால் பத்து நாள் விதி மாறவில்லை.

குன்னூர் நாய்க்கடியோடு நின்றுவிடவும் இல்லை. ராபர்ட் மெக்காரிசன் 1918இல் இங்கே தொடங்கிய, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வு ஊட்டச்சத்து ஆய்வகமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ஆசியக் காய்ச்சல் இந்தியாவில் நுழைந்தபோது, அதை ஆராய்ந்ததும் குன்னூரில் இயங்கிய இன்ஃப்ளுயன்சா மையமே.

ஆட்டு மூளை மருந்தின் பெருங்குறை அது மூளை என்பதே. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறைப்பொருள் ஆட்டுக்கும் மனிதனுக்கும் ஏறத்தாழ ஒன்று. நாள்தோறும் அந்நிய மயலினைச் செலுத்தினால் சிலருடைய உடல், வைரஸோடு சேர்த்துத் தன் சொந்த நரம்புறையையும் பகையாகக் கருதித் தாக்கத் தொடங்கும். கால்கள் செயலிழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. இடத்துக்கு இடம் கணக்கு வேறுபட்டது. சில நூறு பேரில் ஒருவர் என்றும், பல ஆயிரம் பேரில் ஒருவர் என்றும் பதிவுகள் உள்ளன. கடித்த நாய்க்கு வெறியே இல்லாதிருந்து, ஊசியால் முடமாகியவரின் நிலைதான் இதில் மிகக் கொடியது. ஃபீனாலுக்குப் பதில் பீட்டா புரோப்பியோலாக்டோன் கொண்டு வைரஸைக் கொன்று, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்த மருந்தைக் குன்னூர் பின்னர் தயாரித்தது. அதிலும் ஆட்டு மூளை இருந்தது.

மருந்து எந்த அளவுக்கு வேலை செய்தது என்பதை அளப்பதும் எளிதாக இல்லை. கடிபட்டவர்களில் பாதிப்பேருக்கு ஊசி போடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். ஊசி போட்டுப் பிழைத்தவரைக் கடித்தது வெறிநாய்தானா என்பது பல வேளைகளில் தெரியாது. கசௌலியின் இயக்குநராக இருந்த ஆண்டர்சன் மெக்கென்ட்ரிக், உலக நாடுகள் சங்கத்துக்காகப் பல நாட்டுப் பாஸ்டியர் நிறுவனங்களின் கணக்குகளைத் திரட்டி ஆராய்ந்தார். தொற்றுநோய்ப் பரவலுக்கு 1927இல் கெர்மாக்குடன் சேர்ந்து சமன்பாடு எழுதியவர் இவரே. கொரோனா காலத்தில் நாளிதழ்களில் வந்த வளைகோடுகள் பலவற்றுக்கு அடியில் இருந்தது அந்தக் கணக்குதான்.

மாற்று மருந்துக்கான விடை 1960களில் அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தில் கிடைத்தது. அங்கிருந்த ஆய்வாளர்கள் விக்டரும் கோப்ரவ்ஸ்கியும் மனித உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவற்றில் வைரஸைப் பெருக்கினார்கள். மூளை இல்லை, எனவே மயலினும் இல்லை. ஈரானில் வெறிநாயும் ஓநாயும் கடித்த 45 பேருக்கு இந்த மருந்தும், வைரஸுக்கு எதிரான எதிர்பொருள் அடங்கிய எதிர்ப்புச் சீரமும் கொடுக்கப்பட்டன; 1976இல் வெளியான முடிவின்படி ஒருவரும் சாகவில்லை. தடுப்பூசியோடு சீரமும் செலுத்துவதன் அவசியத்தை அதே ஈரானில் 1954இல் ஓநாய்க்கடிபட்ட கிராமத்தார் மீதான ஆய்வு காட்டியிருந்தது.

இதன்பிறகு ஆட்டு மூளை மருந்துக்கு அறிவியல் நியாயம் எதுவும் மிஞ்சவில்லை. 1984 முதல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லி வந்தது. ஆயினும் இந்தியாவில் மேலும் இருபது ஆண்டு அது தொடர்ந்தது. காரணம் விலை ஒன்றே. காசுள்ளவர் மருந்துக்கடையில் வாங்கிக் கையில் ஐந்து ஊசி போட்டுக்கொண்டார். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது வயிற்று ஊசி. ஒரே தெருவில் ஒரே நாய் கடித்த இருவருக்கு இரண்டு வகை மருந்து என்ற நிலையைப் பொதுச் சுகாதாரத் துறை இவ்வளவு காலம் பொறுத்துக்கொண்டது அதன் வரலாற்றில் பெருமைக்குரிய பக்கம் அல்ல.

குரங்கின் சிறுநீரகத்திலிருந்து 1962இல் ஜப்பானில் உருவாக்கப்பட்ட வீரோ உயிரணுக்களும் கோழிக்குஞ்சுக் கருவின் உயிரணுக்களும் மருந்தைப் பெருமளவில் செய்ய வழிவிட்டன. குன்னூரும் வீரோ முறைக்கு மாறியது. மீதி விலைச்சிக்கலைத் தீர்த்தது தாய்லாந்துச் செஞ்சிலுவைச் சங்கம் பரிசோதித்துப் பரப்பிய முறை. மருந்தைத் தசையில் செலுத்தாமல் தோலின் மேலடுக்கில் 0.1 மில்லிலிட்டர் மட்டும் செலுத்தினால் போதும். ஒரே குப்பி பலருக்கு வரும். இந்தியா இதை 2006இல் ஏற்றது. அரசு மருத்துவமனைகளில் இப்போது இந்த ஊசி இரண்டு மேற்கைகளிலும் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படுகிறது. ரத்தம் கசியும் ஆழமான கடியானால் காயத்துக்குள் சீரமும் வேண்டும். எந்தக் கடியானாலும், மருத்துவமனைக்குக் கிளம்பும் முன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள்.