மனப்பதற்ற நோயும் மருத்துவமனை வாசலும்: கீழ்ப்பாக்கம் முதல் ஒடுகத்தூர் வரை

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், பீஞ்சமந்தை முதலிய மலைக்கிராமங்களின் மக்கள் மருந்துக்கும் மளிகைக்கும் இறங்கி வருகின்ற ஒடுகத்தூரிலாயினும் சரி, சென்னைப் பட்டணத்திலாயினும் சரி, "நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கைகால் வெலவெலத்து உயிரே போய்விடும் போலிருக்கிறது" என்று முறையிட்டு வருகிற நோயாளிக்கு இருதயப் படம் எடுத்துப் பார்த்து, "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாயிருக்கிறது. அவரும் ஒரு சத்து ஊசி போட்டுக்கொண்டு, பூசாரியிடம் மந்திரித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டு, அடுத்த படபடப்பு எப்போது வருமோ என்கிற பயத்துடனேயே காலந்தள்ளுகிறார். இந்த நிலைக்குக் காரணம் நோயாளியின் அறியாமையே என்று கூறுவது சுலபம். ஆனால் மனநோய் வைத்தியம் இந்நாட்டில் யாருக்காகக் கட்டப்பட்டது என்ற சரித்திரத்தை நோக்கினால், பழி வேறிடத்தில் விழுகிறது.

சென்னையில் 1794-இல் வாலன்டைன் கானலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வைத்தியர் பொறுப்பில் தோன்றிய மனநோயாளர் விடுதியும், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட பெரிய காப்பகமும், 1858, 1912 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும், வீதியில் திரிந்து பிறருக்கு இடைஞ்சலாகக் கருதப்பட்டவரை அடைத்துக் காப்பதையே முதற்கடமையாகக் கொண்டிருந்தன. வயலுக்குப் போய், சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவளை எந்த மாஜிஸ்திரேட்டும் அங்கே அனுப்பப்போவதில்லை. அவளும் அந்த வாசலை மிதிக்கச் சம்மதிக்கமாட்டாள்.

கீழ்ப்பாக்கம் திறக்கப்பட்ட அதே 1871-இல்தான், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களிடம் இருதயத்தில் பழுதெதுவும் இல்லாமலே படபடப்பு வருவதைக் கண்ட டா கோஸ்டா என்ற வைத்தியர் தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். 1895-இல் பிராய்டு பதற்ற நோயை நரம்புத் தளர்ச்சியினின்று பிரித்துக் காட்டினார். 1980-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் வகைப்பாட்டு நூல், திடீரென்று தாக்கும் பீதி நோயையும், நாள் முழுதும் நீடிக்கும் பொதுப் பதற்றத்தையும் தனித்தனி வியாதிகளாக வகுத்தது. அறிவு வளர்ந்தது வாஸ்தவம். அது நம் கிராமத்துக்கு வந்து சேரத்தான் பாதை இல்லை.

அப்பாதையின் முதற்பகுதி ஒடுகத்தூருக்குச் சமீபத்திலேயே போடப்பட்டதென்பது நம்மவர் அதிகம் அறியாத விஷயம். அதற்கு முன்னோடியாக, 1933-இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் பொது மருத்துவமனையொன்றிலேயே மனநோய்ப் பிரிவைத் தொடங்கியிருந்தார். 1950-களில் அமிர்தசரசில் வித்யாசாகர், மருத்துவமனைத் திடலில் கூடாரங்கள் அடித்து நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்தார். அதே பத்தாண்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கனடா நாட்டு வைத்தியர் பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் பாகாயத்தில் எழுந்த மனநல மையம், உறவினர் ஒருவராவது கூடத் தங்கவேண்டும் என்பதையே சிகிச்சையின் அங்கமாக்கிற்று. அடைத்துவைக்கும் மதிலுக்குப் பதிலாகச் சோறு பொங்கும் அடுப்பு வந்தது என்று இதைச் சொல்லலாம்.

எனினும் பதற்ற நோயைப் பொறுத்தவரை குடும்பத்தின் அன்பு இருபுறமும் கூர்மையுள்ளது என்பது என் அபிப்பிராயம். பஸ்ஸில் ஏறினால் மயக்கம் வந்துவிடுமென்று பயப்படுகிறவனுக்குத் துணையாக முதலில் அண்ணன் கூடப் போகிறான்; பிறகு அவனுக்குப் பதிலாகத் தானே போய்ச் சாமான் வாங்கி வருகிறான்; ஆறு மாதத்தில் தம்பி வாசற்படி தாண்டுவதில்லை. பயந்ததைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வேர்விடும் என்பதே இந்நோயின் சூட்சுமம். ஆகையால், முதல் நாள் பஸ் நிற்குமிடம் வரை, பின்பு ஒரு நிறுத்தம், அப்பால் இரண்டு என்று சிறிது சிறிதாக அவனைப் பழக்குவதும், அண்ணன் தன் கையை மெல்ல விடக் கற்பதும் வைத்தியத்தில் சேர்ந்தவை. 1958-இல் தென்னாப்பிரிக்க வைத்தியர் ஜோசப் வோல்ப்பே வகுத்தெழுதிய படிப்படியான பழக்க முறை இவ்வழியில் வந்ததே.

தேசிய மனநலத் திட்டம் 1982-இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் பிறந்தன; தமிழ்நாட்டில் பின்னது திருச்சிராப்பள்ளியில் தொடங்கிற்று. 2001 ஆகஸ்டு 6-இல் ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்றில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரின் மரணம் அரசை உலுக்கியதும், 2017-இல் மனநலச் சிகிச்சை ஓர் உரிமையெனச் சட்டமானதும் பலரும் அறிந்தவை. ஆயினும் 2003-இல் வெளியான வேலூர் ஆய்வொன்றையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்: ஆரம்ப நிலை வைத்தியத்துக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பதற்றம், மனச்சோர்வு முதலிய சாதாரண மனநோய் இருந்ததாக அது காட்டியது. நோயாளி எங்கோ ஒளிந்திருக்கவில்லை; தலைவலி, உடம்புவலி என்று சீட்டெடுத்து அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தார். அப்படியிருந்தும், 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இத்தகைய நோயாளிகளுள் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை.

சிகிச்சையோ எட்டாத வித்தையன்று. தைராய்டு மிகுதியும் இரத்தசோகையும் இல்லையென்று பரிசோதித்தபின், எண்ணத்தையும் நடத்தையையும் திருத்தும் பேச்சு முறை வைத்தியமும், தேவைப்பட்டால் சில வாரங்கள் பொறுத்துப் பலன் தரும் மருந்துகளும் பெரும்பாலோரைத் தேற்றுகின்றன. 1960-களில் பரவிய டயஸிபாம் வகை மாத்திரைகள் உடனே அமைதி தருமாயினும், வாரக்கணக்கில் தொடர்ந்தால் அவையே பழக்கமாகிவிடும். மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கித் தின்பவர் இதை அறியவேண்டும்.

இன்று 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் பாகாயத்துக்கும் பஸ் உண்டு. ஆனால் பேச்சு முறை வைத்தியம் ஒரே நாளில் முடிவதன்று. வாரந்தோறும் மலையிறங்கி வேலூர் போய்வர ஒருநாள் கூலியும் பஸ் கட்டணமும் இழக்கவேண்டியவர் இரண்டாம் முறை வரமாட்டார். ஆகவே ஒடுகத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் மருத்துவரும், படபடப்பென்று வருபவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கவும், முதல் சில அமர்வுகளைத் தாமே நடத்தவும் பயிற்சி பெறுவதே அடுத்து நடக்கவேண்டிய காரியம்.