டன்சினன் தோட்டத்துப் பற்கள்

தமிழ்க் கவிதையில் பல் என்றாலே இளமையின் பல்தான். முல்லை அரும்பு, முத்து என்று உவமை தேடிய புலவர்கள் அதன் வெண்மையைக் கண்டனரேயன்றி, அது ஊன்றி நிற்கும் ஈற்றைக் கண்டாரில்லை. இந்த உவமைகளையெல்லாம் பிதற்றல் என்று இகழ்ந்த ஒரு பாடல் நாலடியாரில் உண்டு. சுடுகாட்டில் யாவரும் காண உதிர்ந்து கிடக்கும் பல்லெலும்பைக் கண்டு வாழ்பவன் நான், எனக்கு இவ்வுவமைகள் எதற்கு என்று கேட்கும் துறவியின் பாடல் அது. முல்லை அரும்பு ஒரு முனை, சுடுகாடு மறு முனை. இடைப்பட்ட ஐம்பது அறுபது ஆண்டுகளில் பல்லுக்கு என்ன நேர்கிறது என்பதில் நம் புலவர்களுக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஆசாரக்கோவை பாடிய பெருவாயின் முள்ளியார் மட்டும், விடியலில் குச்சியால் பல் துலக்குவதை ஓர் ஒழுக்கமாகவே விதித்து வைத்தார்.

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்வதை அறிவியல் எழுதிவைத்திருக்கிறது. அதன் மிக முக்கியமான ஏடு தமிழர் வாய்களிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைத் தமிழ் படித்தவர்களில் அறிந்தோர் மிகச் சிலரே. அந்த வரலாற்றைத்தான் இங்குச் சொல்ல முற்படுகிறோம்.

இன்று நம் ஊர்களின் கடைத்தெருக்களில் பல் மருத்துவமனைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால், பல் விழுவது பற்றி இனிக் கவலையே வேண்டாம் என்ற எண்ணம் வரும். தாடையெலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து அதன்மேல் பல்லைப் பொருத்தும் இம்ப்ளாண்ட் சிகிச்சை இன்று சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. 'ஆடுகிற பல்லை எடுத்துவிட்டு நிலையான பல் வைத்துக்கொள்ளலாம்' என்ற பேச்சும் உடன் வந்துவிட்டது. வயதானால் பல் போகத்தான் செய்யும் என்னும் பழைய நம்பிக்கையே இப்பேச்சுக்கு அடித்தளம். அந்நம்பிக்கை எவ்வளவு உண்மை?

1965-ஆம் ஆண்டு, டென்மார்க் நாட்டின் ஓர்ஹூஸ் நகரில், நார்வேக்காரரான ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர் ஓர் எளிய சோதனையின் முடிவை வெளியிட்டார். நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேர். பெரும்பாலோர் அவருடைய மாணவர்கள். பல் துலக்குவதை அவர்கள் அறவே நிறுத்தினர். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் பன்னிருவருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. பின்னர் மீண்டும் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. பல்லின் அடியில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஈறு நோய்க்குக் காரணம், அதை அகற்றினால் நோய் அகலும் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாயிற்று.

ஆனால் மூன்று வாரச் சோதனை ஒரு மனித வாழ்நாளைச் சொல்லாது. துலக்காத வாயை இருபது, முப்பது ஆண்டுகள் அப்படியே விட்டால் என்ன ஆகும்? இக்கேள்விக்கு ஐரோப்பாவில் விடை தேட இயலாது. அங்கே எல்லோரும் துலக்குகிறார்கள். நோவெடுத்தால் மருத்துவரிடம் போகிறார்கள். எனவே லோவும் அவர் குழுவினரும் இரண்டு கூட்டத்தாரைத் தேர்ந்தனர். ஒன்று, 1969-இல், ஆஸ்லோ நகரத்து மாணவரும் கல்வியாளருமான 565 ஆண்கள். சிறு வயது முதலே ஒழுங்கான பல் மருத்துவம் பெற்றவர்கள். மற்றொன்று, 1970-இல், இலங்கையின் மலைநாட்டில், பூண்டுலோயாப் பகுதியின் டன்சினன், ஹரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர். வயது 14 முதல் 31 வரை. மலையகத் தமிழர்.

டன்சினன் என்பது ஸ்காட்லாந்தில் உள்ள ஒரு குன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தைப் படித்தவர்கள் இப்பெயரை மறந்திருக்க மாட்டார்கள்; அக்குன்றின்மேல் கோட்டை கட்டிக்கொண்டு, காடு பெயர்ந்து வராதவரை தனக்கு அழிவில்லை என்று நம்பியிருந்தான் அம்மன்னன். வெள்ளைத் துரைமார் தம் ஊர்ப் பெயர்களை இலங்கை மலைகளுக்குச் சூட்டினர். அம்மலைகளில் காடழித்துத் தேயிலை நட்டவர்களோ திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து போன நம்மவர்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்று. 1970-இல் வாயைத் திறந்து காட்டிய 480 பேர் இந்தக் கணக்குக்குள் வாழ்ந்தவர்களே.

ஆய்வறிக்கைகள் அவர்களைப் பற்றிச் சொல்வன சில. உடல்நலம் குன்றாதவர்கள். பல் நோய்த் தடுப்புத் திட்டம் எதுவும், சிகிச்சை எதுவும் அவர்களை எட்டியதில்லை. பல்துலக்கிப் பழக்கம் அறியாதவர்கள். பற்படலமும் காரையும் ஏராளம். ஆனால் சொத்தைப்பல் ஏறத்தாழ இல்லவே இல்லை! இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. இவர்கள் பல் இழந்தால் அது ஈறு நோயால் மட்டுமே இழந்ததாக இருக்கும். வேறு காரணம் குறுக்கிடாது. ஆராய்ச்சியாளருக்கு இதைவிடத் தூய களம் கிடைக்காது.

1971, 1973, 1977, 1982, 1985 என ஐந்து முறை மீண்டும் சென்று அளந்தனர். அளவு எடுக்கும் முறை எளிது. மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியை ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையில் செலுத்தி, வேரைப் பற்றியிருக்கும் தசைநார் எவ்வளவு கீழிறங்கியுள்ளது என்று பார்ப்பார்கள். 1978-இல் வெளிவந்த ஒப்பீட்டின்படி, நாற்பது வயதை நெருங்கும் ஆஸ்லோக்காரர் சராசரியாக இழந்த பிடிமானம் ஒன்றரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டியது. அதே வயதுத் தோட்டத் தொழிலாளர் இழந்தது நாலரை மில்லிமீட்டர்.

1986-இல் வந்த கட்டுரைதான் உலகப் புகழ் பெற்றது. தொழிலாளர் எல்லோரும் ஒரே மலை, ஒரே உழைப்பு, துலக்காத ஒரே மாதிரி வாய். ஆயினும் நோய் எல்லோரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக விரைந்து பரவியது. 81 பேருக்கு மிதமாக. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது, எலும்பை எட்டவேயில்லை. விரைந்து பரவிய கூட்டத்தார் இருபது வயதிலேயே பல் இழக்கத் தொடங்கினர். 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 பற்கள், 45 வயதில் அனைத்தும் போயின. மிதமான கூட்டத்தார்க்கு முப்பதுக்கு மேல் தொடங்கி 45 வயதில் 7 பற்கள் போயிருந்தன. பதினொரு விழுக்காட்டினர் பல் எதையும் இழந்ததாகச் சொல்வதற்கில்லை. ஒன்றுமே செய்யாமல் விட்டாலும் பத்தில் ஒருவர் பல்லோடு இருக்கிறார் என்றால், பல் உதிர்வதற்கு வயது காரணமன்று, நோய்தான் காரணம். பாட்டன் பல் போனது, நம் பல்லும் போகும் என்னும் வாதம் பூண்டுலோயாவில் உடைந்தது. இன்று உலகெங்கும் ஈறு நோயை மெதுவானது, மிதமானது, விரைவானது என்று தரம் பிரிக்கின்ற 2018-ஆம் ஆண்டு வகைப்பாட்டிலும் அந்த மூன்று கூட்டத்தாரின் சாயல் தெரிகிறது.

இந்த இடத்தில் நம் மனம் சற்றுத் தடுக்குகிறது. நோயின் காரணம் 1965-இலேயே தெரியும். அதைக் கண்டறிந்தவரே இந்த ஆய்வையும் நடத்தினார். ஓர்ஹூஸ் மாணவர்க்கு மூன்று வாரத்தில் மீண்டும் துலக்கி கொடுக்கப்பட்டது. தோட்டத்துத் தொழிலாளரிடம் கொண்டுசெல்லப்பட்டதோ அளவுகோல். ஆராய்ச்சியாளர் எவருக்கும் நோயை உண்டாக்கவில்லை. இருந்ததைத்தான் எழுதினர் என்பது உண்மை. தோட்ட நிர்வாகமும் அரசுகளும் செய்யாத மருத்துவத்தை அயல்நாட்டுப் பேராசிரியர் ஒருவர் தலைமேல் சுமத்துவதும் முழு நீதியாகாது. எனினும் 35 வயதில் 12 பற்கள், 40 வயதில் 20 என்ற வரிசையைப் படிக்கும்போது, அந்த ஐந்து ஆண்டுகளில் போன எட்டுப் பற்களை வெறும் எண்ணாகக் கடந்துபோக நம்மால் இயலவில்லை.

அதே காலத்தில் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1972-இல் பெர் அக்செல்சன், யான் லிண்டே என்னும் இருவர் 555 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கினர். 375 பேருக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லைத் தூய்மை செய்து, வீட்டில் எப்படித் துலக்குவது என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தனர். 180 பேர் வழக்கமான மருத்துவத்தோடு விடப்பட்டனர். ஆறாண்டுகளில் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிந்ததும், இந்த 180 பேரை இனியும் அப்படியே விட்டுவைத்தல் முறையன்று என்று அந்த ஒப்பீட்டையே நிறுத்திவிட்டனர். கார்ல்ஸ்டாடில் ஆறாண்டு, பூண்டுலோயாவில் பதினைந்தாண்டு.

முப்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 257 பேரின் கணக்கு 2004-இல் வெளிவந்தது. இளைய கூட்டத்தார் ஆளுக்குச் சராசரியாக இழந்தது 0.4 பல். நடுவயதினர் 0.7. தொடக்கத்திலேயே ஐம்பதைக் கடந்திருந்தவர்கள் 1.8. அதிலும் பெரும்பாலானவை வேர் முறிந்து போனவை. சொத்தையாலும் ஈறு நோயாலும் போனவை எல்லோருக்குமாகச் சேர்த்து 21 பற்களே. ஆஸ்லோக்காரரின் கணக்கும் அதே ஆண்டு இதற்குத் துணை வந்தது. என்றும் நலமாக இருந்த ஈற்றிடைப் பற்களில் 99.5 விழுக்காடு, முளைத்து ஐம்பதாண்டு ஆன பின்னும் நிலைத்திருந்தன. எப்போதும் குருதி கசிந்த ஈற்றில் நின்றவை 63.4 விழுக்காடுதான்.

இம்ப்ளாண்டின் வரலாறும் இதே ஸ்வீடனில்தான். பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களின் தொடக்கத்தில் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியைப் பதித்து ஆராய்ந்தபோது, எலும்பு உலோகத்தோடு ஒன்றிப்போய்க் கழற்ற வராமல் நின்றது. 1965-இல், லோவின் ஓர்ஹூஸ் ஆய்வு வெளியான அதே ஆண்டில், கோத்தன்பர்க் நகரில் முதல் மனிதருக்கு டைட்டானியத் திருகு பதிக்கப்பட்டது. அது அவர் இறக்கும்வரை நாற்பதாண்டுக்கு மேல் நிலைத்தது. பல்லே இல்லாதவர்க்கு இது பெரும்பேறு. அதில் நமக்கு மறுப்பில்லை.

ஆனால் திருகு பல்லாகிவிடாது. இயற்கைப் பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை; மெல்லிய தசைநார்களில் தொங்குகிறது. சோற்றில் ஒரு கல் அகப்பட்டால் கடிப்பதற்கு முன்பே தாடை தயங்கி நிற்பது அந்த நார்கள் தரும் உணர்வால். திருகுக்கு அது இல்லை. உலோகம் சொத்தையாகாது, சரி. அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் சதையும் குருதியுமானவைதாமே! அதே படலம் அங்கும் படிகிறது, அதே போல் எலும்பை அரிக்கிறது. ஈறு நோயால் பல் இழந்தவர்க்கும், தூய்மை பேணாதவர்க்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. துலக்கச் சோம்பிப் பல்லை இழந்தவர், துலக்க வேண்டிய இன்னொன்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறார். கார்ல்ஸ்டாட் ஆய்வின் யான் லிண்டே கோத்தன்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர். இம்ப்ளாண்டின் தலைநகரிலேயே வாழ்ந்தவர். இம்ப்ளாண்ட் அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுகிறது, காக்கக்கூடிய பற்கள் கைவிடப்படுகின்றன என்று 2014-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

மீண்டும் பூண்டுலோயாவுக்கு வருவோம். 1985-இல், தொடக்கத்தில் இருந்த 480 பேரில் 161 பேரே மீண்டும் பார்க்கப்பட்டனர். ஒப்பந்தப்படி ஆயிரமாயிரம் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய காலம் அது. 1974-இன் தோட்டத்துப் பட்டினிச் சாவுகளும், 1977, 1983 ஆண்டுகளின் வன்முறைகளும் இந்தப் பதினைந்தாண்டுக்குள் அடங்கும். 2010-இல் ஆராய்ச்சியாளர் மறுபடியும் தேடிச் சென்றனர். 75 பேர் கிடைத்தனர். 1970-இல் பதினான்கு வயதாயிருந்தவர்க்கு அப்போது 54. முப்பது வயதுக்குள் நோயைக் கண்டு மருத்துவம் செய்தல், புகையை விடுதல், காரையை எடுத்தல், படலத்தை நாள்தோறும் அகற்றுதல் ஆகியவை பல்லைக் காக்க இன்றியமையாதவை என்ற முடிவு 2017-இல் அச்சேறியது. அம்முடிவுக்காக அந்த எழுபத்தைந்து பேரும் இன்னொரு முறை வாய் திறந்து காட்டியிருந்தனர்.