வாக்கு
காவேரிப்பாக்கத்து ஏரிக்கரைத் தெருவொன்றில், தேர்தலுக்கு ஆதரவு தேடி வந்தவர்களிடம் ஒரு பெரியவர் "நம்ம வீட்ல அஞ்சு ஓட்டு இருக்குது" என்று சொல்ல, அவ்வைந்தில் மூன்றுக்குரிய பெண்கள், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் திரும்பியவர்களாய், கையில் சோற்றுத் தூக்குடன் வாசற்படியில் மௌனமாக நின்றதைக் கண்டது முதல், 'ஓட்டு' என்னும் சொல்லின் பூர்வ சரித்திரம் என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆங்கில வழி வந்த ஓட்டு, நேர்ந்துகொள்ளும் சபதத்தைக் குறிக்கும் லத்தீன் மூலத்தில் பிறந்தது. அதற்கு ஈடாக நாம் கொண்ட வாக்கோ, ஸம்ஸ்கிருதத்தில் பேச்சைக் குறித்து, தமிழில் 'வாக்குக் கொடுத்தான்', 'வாக்குத் தவறினான்' என உறுதிமொழியாகவும், 'அருள்வாக்கு' எனத் தெய்வ வசனமாகவும் விரிந்து, பின்னரே தேர்தலுக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுக்கு ஈடான நம் பழஞ்சொல்லாக உத்தரமேரூர்ச் சாசனத்துக் குடவோலையைச் சிலர் சொல்வர். அது குடத்திலிட்ட ஓலையைக் குலுக்கி எடுக்கும் முறையாதலின், தேர்ந்தெடுப்பவரின் சம்மதம் அதில் இல்லை. 1917 டிசம்பரில் சென்னையில், சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழு பிரிட்டிஷ் அரசின் இந்திய மந்திரி மாண்டேகுவிடம் கேட்டதும், 1921இல் சென்னைச் சட்டசபை, பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் முதலாவதாக, சொத்துடைய பெண்கள் சிலருக்கேனும் அளித்ததும் அந்தச் சம்மதத்தைத் தெரிவிக்கும் உரிமையையே. வாக்கு என்பது அவரவர் வாயிற் பிறப்பது. 'எங்கள் வீட்டு ஓட்டு' என்பது பிழையான பிரயோகம்.