கேஸ்கெட் போனதா? அம்பாசடர் தந்த பாடம்

மரக்காணம் உப்பளங்களில் நீர் ஆவியாக, உப்பு தங்குவதைக் காண்கிறோம். உவர்நீரை ஊற்றிவந்த கார் ரேடியேட்டரிலும் இவ்வாறே உப்பும் சுண்ணாம்பும் படியும்; வெப்பம் வெளியேறாமல் எஞ்சின் கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்ற ஐயம் அப்போது எழும். அதைத் தீர்க்கும் வழியை அம்பாசடரைக் கொண்டு காண்போம்.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்த அம்பாசடர், 1950களின் இறுதி முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவாயிற்று. நெடுங்காலம் அதில் இருந்த 1489 கன செ.மீ. பெட்ரோல் எஞ்சினில், செம்பும் கல்நாரும் சேர்ந்த கேஸ்கெட் எரிந்த வாயு, நீர், எண்ணெய் மூன்றையும் பிரித்து நின்றது.

எந்தத் தடுப்பு உடைந்தது என்பதை அடையாளமே கூறும். குளிர்ந்த எஞ்சினை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து இயக்குங்கள். வாயு நீரில் புகுந்திருந்தால் குமிழிகள் ஓயாது எழும். நீர் எண்ணெயில் கலந்தால் எண்ணெய் பால்காப்பி போல வெளுக்கும். நீர் சிலிண்டருக்குள் கசிந்தால், எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நிற்காது. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றின் இடைத்தடுப்பு போயிற்று எனலாம்.

இவை ஒன்றும் இல்லையெனில், ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேன் பெல்ட்டையுமே முதலில் பார்க்க வேண்டும். ஹெட்டை வீணாகக் கழற்றுவது பணச் செலவு மட்டுமன்று. பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது பறக்கும் கல்நார்த் தூள் மெக்கானிக்கின் நுரையீரலுக்குக் கேடு. எனவே கழற்றுமுன் சோதித்தறிவதே நன்று.