ஒரு தளம், இரண்டு கால்கள்

கிரிக்கட்டில் ஓடுபவர் கோட்டைத் தாண்டித் துடுப்பை வைத்தால் போதும், ஸ்டம்பை மிதிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் பேஸ்போல் அப்படியல்ல. நம்மூர் எல்லேயைப் போல அடித்துவிட்டு ஓட வேண்டும், 90 அடி ஓடி முதல் தளத்தை மிதிக்கவும் வேண்டும். அதே தளத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் எதிரணிக் காவலர் பந்தைப் பிடிக்கிறார். அந்தத் தளமோ 2022 வரை வெறும் 15 அங்குலச் சதுரமாக இருந்தது. ஒருவர் முழு வேகத்தில் வருகிறார், மற்றவரின் கண் பந்தில் இருக்கிறது. மோதாமல் என்ன செய்யும்?

இதற்காக விதியே இல்லை என்று சொல்ல முடியாது. 1880களிலேயே கடைசி 45 அடிக்கு, எல்லைக் கோட்டுக்கு வெளியே 3 அடி அகலத்தில் ஓடுபாதை ஒன்றைக் கீறினார்கள். வேடிக்கை என்னவென்றால், பாதை கோட்டுக்கு வெளியே, தளம் கோட்டுக்கு உள்ளே! ஒழுங்காகப் பாதையில் ஓடி வருபவரும் கடைசி எட்டில் காவலரின் பக்கம் திரும்பித்தான் மிதிக்க வேண்டும். வீசிய பந்து கொஞ்சம் விலகி ஓடுபவர் வரும் பக்கமாக வந்துவிட்டால், பிடிக்க நீளும் கை அவருக்குக் குறுக்கே போய்விடும்.

1936 ஏப்ரலில் டெட்ரொயிட் அணியின் ஹாங்க் கிரீன்பேர்க்குக்கு இப்படித்தான் மணிக்கட்டு உடைந்தது. முந்தைய ஆண்டு அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் அவர். அந்தப் பருவத்தில் ஆடியது 12 ஆட்டங்கள் மட்டுமே. 1995இல் மொன்ட்ரியலின் கிளிஃப் ஃபிளொய்ட், 2006இல் சிகாகோவின் டெரெக் லீ. அதே முதல் தளம், அதே மணிக்கட்டு. விதி அசையவில்லை.

மற்றத் தளங்களில் நடந்ததைப் பாருங்கள். 2011 மே மாதம் ஹோம் பிளேட்டில் சான் பிரான்சிஸ்கோவின் பஸ்டர் போசி மோதலில் கால் முறிந்து விழுந்தார். 2014இல் மோதலைத் தடுக்கும் விதி வந்தது. 2015 ஒக்டோபரில் இரண்டாம் தளத்தில் சேஸ் அட்லி சறுக்கி மோதியதில் ரூபன் டெஹாடாவின் கால் முறிந்தது; அடுத்த பருவமே புதிய விதி.

முதல் தளத்துக்கு மட்டும் ஏன் இந்தப் பாராமுகம்? எமக்குத் தோன்றுவது இதுதான்: மற்ற இரண்டு இடங்களிலும் குற்றம் சாட்ட ஒருவர் இருந்தார். வேண்டுமென்றே மோதுபவரைத் தண்டிக்கலாம். முதல் தளத்தில் பெரும்பாலும் இருவருமே தத்தம் வேலையைத்தான் செய்கிறார்கள். யாரைத் தண்டிப்பது? எனவே அங்கே தண்டனை விதி எழுதிப் பயனில்லை, தளத்தையே மாற்ற வேண்டும்.

2023இல் தளத்தை 18 அங்குலமாக்கினார்கள். நல்லதுதான், ஆனாலும் மூன்று அங்குலத்தில் இரண்டு சப்பாத்துகள் எப்படி விலகும்? 2024இல் ஓடுபாதையைக் கோட்டுக்கு உள்ளேயும் விரித்தார்கள். அது ஓடுபவர் நேராக ஓடுவதற்கான சலுகை. காவலரின் பக்கமாகவே அவரை இன்னும் கொண்டுவருகிறது என்பதால், பாதுகாப்பு என்ற கணக்கில் அதைச் சேர்க்க எமக்கு மனமில்லை.

தீர்வு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. சொஃப்ட்போலில் முதல் தளம் இரட்டைத் தளம். கோட்டுக்கு உள்ளே வெள்ளை, அது காவலருக்கு. வெளியே ஒட்டினாற்போல் செம்மஞ்சள், அது ஓடுபவருக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஃபுகுஷிமாவின் ஒரே மைதானத்தில் இரண்டு விளையாட்டுகளும் நடந்தன. பெண்கள் சொஃப்ட்போல் ஆடியபோது செம்மஞ்சள் தளம் இருந்தது. ஆண்கள் பேஸ்போல் ஆட வந்தபோது அது இல்லை.