கால் மடக்கிய கார்: ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் சஸ்பென்ஷன் கதை

ஒரு மலைப்பாதை வளைவு. கார் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிக வேகத்தில் வளைவுக்குள் நுழைந்துவிட்டது. ஓட்டுபவர் என்ன செய்வார்? பதறிப்போய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார். யாராக இருந்தாலும் உடம்பு தானாகச் செய்வது இதைத்தான். ஆனால் 1960களில் விற்பனையான சில கார்களில், அந்த நேரத்தில் செய்யவே கூடாத காரியமும் இதுதான்! காலை எடுத்ததும் காரின் பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கும். அப்புறம் கார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட கார்களில் ஒன்றுதான் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டு பேர் உட்காரும், கூரை மடக்கும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க அவ்வளவு அழகு! 1962ல் விற்பனைக்கு வந்த இந்தக் காரின் பின்சக்கரக் குறையைச் சரி செய்ய அதன் நிறுவனத்துக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. சரி செய்த விதமோ மிக எளிமையானது. அப்படியானால் ஏன் இத்தனை தாமதம்? அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஏணியும் ஆக்ஸிலும்

முதலில் குறை என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். பழைய அம்பாசிடர் காரிலும் லாரிகளிலும் பின்பக்கம் ஒரே நீளமான, வளையாத ஆக்ஸில் இருக்கும். இரண்டு சக்கரங்களும் அதன் இரு முனைகளில். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் ஆடும். இதைத் தவிர்க்க, ஆக்ஸிலை நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும்படி செய்தார்கள். இதுதான் ஸ்விங் ஆக்ஸில். ஆஸ்திரியப் பொறியாளர் எட்மண்ட் ரம்ப்ளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். பிற்காலத்தில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், போர்ஷே 356, மெர்சிடிஸ் 300 எஸ்.எல் எல்லாம் இந்த வழியில்தான் போயின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பாதி ஆக்ஸிலுக்கும் மூட்டு உள்முனையில், டிஃபரன்ஷியல் பக்கத்தில் மட்டும்தான். வெளிமுனையில் சக்கரம் ஆக்ஸிலோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. அதனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது நேராக நிற்காது, சாய்ந்துகொண்டே போகும்.

இரண்டு கால் மடக்கு ஏணியை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு காலை உள்பக்கமாகத் தள்ளினால் என்ன ஆகும்? ஏணியின் உச்சி மேலே போகும். வளைவில் திரும்பும் காரிலும் இதேதான் நடக்கிறது. வெளிப்பக்கச் சக்கரத்தைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை ஆக்ஸில் வழியாகப் போய்க் காரின் பின்பக்கத்தையே தூக்குகிறது. பின்பக்கம் தூக்கத் தூக்கச் சக்கரம் இன்னும் மடங்குகிறது. மடங்க மடங்க டயரின் ஓரம் மட்டும்தான் தரையில் படுகிறது. பிடி போய்விடுகிறது!

இந்த நேரத்தில் ஓட்டுபவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. பின்பக்கம் இன்னும் லேசாகி, இன்னும் எழும்புகிறது. ஆக, பயந்தவனை இன்னும் பயமுறுத்தும் கார் இது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. நல்ல பிடிப்புள்ள டயர் போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதானே தோன்றும்? பிடிப்பு அதிகமானால் சாலை சக்கரத்தைத் தள்ளும் விசையும் அதிகம். தூக்கும் விசையும் அதிகம்!

ஹெரால்டின் வயிற்றில் பிறந்த ஸ்பிட்ஃபயர்

சரி, ட்ரையம்ஃப் ஏன் இந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தது? பதில் 1959ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு காரில் இருக்கிறது. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனத்துக்குக் கார் பாடி செய்து கொடுத்து வந்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953ல் போட்டி நிறுவனமான பி.எம்.சி வாங்கிவிட்டது. பெரிய பாடியை ஒரே துண்டாகச் செய்து கொடுக்க ஆள் இல்லை. அதனால் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் குழு, தனியாக ஒரு சேஸிஸ் செய்து அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டும் முறைக்குப் போனது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி.

அந்தச் சேஸிஸின் பின்பக்கத்தில் ஸ்விங் ஆக்ஸில் வைத்தார்கள். காரின் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு. அதன் நடுப்பகுதி டிஃபரன்ஷியல் மேல் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும், இரண்டு முனைகளும் இரண்டு சக்கரங்களுக்கு. குறைந்த உதிரிபாகம், குறைந்த செலவு. ‘நான்கு சக்கரமும் தனித்தனியாக இயங்கும்’ என்று விளம்பரத்திலும் சொல்லிக்கொள்ளலாம். கணக்குப் பார்ப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

1961ல் ட்ரையம்ஃபை லேலண்டு நிறுவனம் வாங்கியது. புதிய முதலாளிகள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த ஒரு மாதிரிக் காரைக் கண்டார்களாம். பணம் இல்லாமல் கிடப்பில் போட்டிருந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. ஹெரால்டின் சேஸிஸைச் சுருக்கி அதன்மேல் மிக்கெலோட்டி வரைந்த பாடி. உடனே அனுமதி கிடைத்தது. 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் ஷோவில் ஸ்பிட்ஃபயர் அறிமுகமானது. 1147 சி.சி, 63 குதிரைத்திறன். ஹெரால்டின் சேஸிஸோடு அதன் பின்சக்கர அமைப்பும் சேர்ந்தே வந்துவிட்டது.

குடும்பத்தோடு மெதுவாகப் போகும் ஹெரால்டில் பெரிதாகத் தெரியாத குறை, வளைவில் விரட்டுவதற்காகவே வாங்கும் காரில் தெரியாமல் போகுமா? 1966ல் இதே உடம்புக்குள் 1998 சி.சி, ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி ஜி.டி.6 என்று விற்றபோது விஷயம் வெட்டவெளிச்சமானது. 95 குதிரைத்திறன், ஆனால் அதே பழைய கால்கள். பத்திரிகைகள் கடுமையாக விமர்சித்தன.

தெரியாமல் நடந்ததா?

இந்தக் குறை அப்போது யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. மெர்சிடிஸ் தன் 300 எஸ்.எல் ரோட்ஸ்டரில் 1957லேயே ஆக்ஸிலின் மூட்டைக் கீழே இறக்கி, பின்பக்கம் எழும்புவதைக் குறைத்துவிட்டது. போர்ஷே தன் 356 சூப்பர் 90 காரில் 1960 வாக்கில் குறுக்கே ஒரு கூடுதல் பட்டையைப் பொருத்தியது. அமெரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் வைத்திருந்தவர்கள் இப்படிப்பட்ட பட்டையைக் கடையில் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதாவது மருந்து இருந்தது. விலை கொடுப்பவருக்கு மட்டும் கிடைத்தது.

இது எவ்வளவு பெரிய விஷயமாக வெடித்தது என்பதற்கு அமெரிக்காவின் செவ்ரொலே கார்வேர் சாட்சி. பின்பக்கம் எஞ்சின், ஸ்விங் ஆக்ஸில். 1960 மாடலாக வந்த இந்தக் காரில் முன்பக்கம் சாய்வைத் தடுக்கும் கம்பியைச் செலவு கருதி விட்டுவிட்டார்கள். அதற்குப் பதிலாக முன்டயரில் 15, பின்டயரில் 26 பி.எஸ்.ஐ காற்று வைக்கச் சொன்னார்கள். எத்தனை பேர் அதை நினைவில் வைத்துக் காற்று அடிப்பார்கள்? அந்தக் கம்பிக்குக் காருக்கு 15 டாலர்தான் ஆகியிருக்கும் என்று, ஜெனரல் மோட்டார்ஸில் உயர்பதவி வகித்த ஜான் டிலோரியன் சொன்னவற்றை வைத்து 1979ல் வெளியான புத்தகம் கூறுகிறது. 1964ல் கம்பியும் சேர்ந்தது, பின்பக்கம் குறுக்குப் பட்டையும் சேர்ந்தது. 1965ல் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கிவிட்டார்கள்.

அதே 1965 நவம்பரில்தான் ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ புத்தகம் வந்தது. அதன் முதல் அத்தியாயமே கார்வேர் பற்றியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1972ல் வந்த அமெரிக்க அரசின் ஆய்வு, கார்வேர் அக்காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்றே முடிவு சொன்னது. ஆனால் இதை ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதா, அக்காலத்து மற்ற கார்களைப் பற்றிய எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா?

இறுக்கியதல்ல, தளர்த்தியது

ட்ரையம்ஃப் முதலில் விலை உயர்ந்த வழியில் போனது. 1968ல் வந்த ஜி.டி.6 மார்க் 2வில் ஆக்ஸிலின் வெளிப்பக்கத்திலும் ரப்பர் இணைப்பு வைத்து, கீழே தனியாக ஒரு கை கொடுத்து, சக்கரம் மடங்காமல் பார்த்துக்கொண்டது. அருமையாக வேலை செய்தது. ஆனால் உதிரிபாகங்கள் அதிகம். மலிவு விலை ஸ்பிட்ஃபயருக்கு அது கிடைக்கவில்லை.

ஸ்பிட்ஃபயருக்கான விடை 1970 இறுதியில் மார்க் 4 மாடலில் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்பிரிங் கட்டை இறுக்கவில்லை. தளர்த்தினார்கள்!

அதுவரை பட்டைகள் அத்தனையும் டிஃபரன்ஷியல் மேல் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அதனால் கார் ஒரு பக்கம் சாயும்போது ஸ்பிரிங் எதிர்த்து நின்றது. அந்த எதிர்ப்பு முழுவதும் வெளிப்பக்கப் பின்சக்கரத்தின் தலையில் பாரமாக இறங்கியது. பாரம் ஏற ஏற, மேலே பார்த்த ஏணி வேலையும் கூடியது. மார்க் 4ல் பெரும்பாலான பட்டைகளை நடுவில் ஒரு அச்சில் சீசா பலகைபோல ஆடும்படி விட்டுவிட்டார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேடேறினால் ஸ்பிரிங் வழக்கம்போல வளைந்து தாங்கும். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் பட்டைக் கட்டு கூடவே சாய்ந்து கொடுக்கும், அவ்வளவாக எதிர்க்காது. சாய்வைத் தடுக்கும் பொறுப்பை முன்பக்கத்துக்கு மாற்றி, அங்கே கம்பியைத் தடிமனாக்கினார்கள். ஆக்ஸில் அதேதான், மூட்டும் அதேதான். ஆனால் பின்சக்கரம் திடீரென்று மடங்கும் பழக்கம் ஏறத்தாழ ஒழிந்தது. 1973 வாக்கில் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தையும் இரண்டு அங்குலம் கூட்டினார்கள். அதே 1973ல் ஜி.டி.6கூட விலை உயர்ந்த அமைப்பைக் கைவிட்டு இந்த மலிவான ஸ்பிரிங்குக்கே மாறியது!

இன்றும் பழைய ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் முதலில் செய்யும் மேம்பாடுகளில் இது ஒன்று. மார்க் 4ன் ஸ்பிரிங், கூடவே தடித்த முன்கம்பி. இரண்டையும் சேர்த்தே போட வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் கார் அளவுக்கு மீறிச் சாயும். விவரம் தெரியாதவர்கள் ‘ஸ்போர்ட்ஸ் கார்தானே, எல்லாம் விறைப்பாக இருக்கட்டும்’ என்று பின்பக்கத்திலும் சாய்வு தடுக்கும் கம்பி போட்டால், 1962ன் நோயைக் காசு கொடுத்து வாங்கியதுபோல ஆகிவிடும்.

சென்னை சொன்ன பதில்

இந்தக் கதைக்கு ஒரு சென்னைக் கிளையும் உண்டு. வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் இதே ஹெரால்டை ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரித்தது. அதே சேஸிஸ், அதே குறுக்குப் பட்டை, அதே ஸ்விங் ஆக்ஸில். இங்கே யாரும் வளைவில் பந்தயம் விடவில்லை. ஆனால் ஒரு குடும்பம் முழுவதும் ஏறி, மூட்டை முடிச்சும் ஏற்றினால் பின்சக்கரங்கள் எதிர்ப்பக்கமாக விரிந்து நிற்கும். மெக்கானிக்குகளுக்கும் இந்த அமைப்பின் மேல் பெரிய நம்பிக்கை இல்லை.

1972ல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் சென்னைக்காரர்கள் என்ன செய்தார்கள்? ஸ்விங் ஆக்ஸிலை எடுத்துவிட்டு, நேரான ஒற்றை ஆக்ஸிலை வைத்துவிட்டார்கள்! புத்தகத்தின்படி இது பின்னோக்கிய அடி. ஆனால் சக்கரம் நேராக நிற்கும், எந்த ஊர் பட்டறையிலும் வேலை தெரியும். ஒரே நோய்க்கு இங்கிலாந்து ஒரு மருந்தும் சென்னை ஒரு மருந்தும் கண்டன. இரண்டுமே மலிவான மருந்துகள்தான்.

கணக்கில் வராத செலவு

1980 வரை மொத்தம் சுமார் 3,14,000 ஸ்பிட்ஃபயர்கள் தயாராயின. அதில் முதல் மூன்று மாடல்கள் மட்டும் சுமார் 1,48,000. ஏறக்குறைய பாதி! அவை அத்தனையும் பழைய ஸ்பிரிங்கோடு வெளியே போனவை.

ஒரு காரின் அடக்கவிலையில் எஃகுக்கும் ரப்பருக்கும் கூலிக்கும் இடம் உண்டு. வளைவில் பதறிக் காலை எடுத்தவரின் செலவுக்கு அங்கே இடம் இல்லை. அது ஆஸ்பத்திரிக் கணக்கிலோ இன்சூரன்ஸ் கணக்கிலோ போய்ச் சேர்ந்தது. அதனால்தான் மலிவான திருத்தத்துக்கும் எட்டு ஆண்டுகள் பிடித்தன.

திறமைசாலி கையில் ஸ்பிட்ஃபயர் 1965ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் வகுப்பில் ஜெயிக்கவும் செய்தது. ஆனால் காரை வாங்கியவர்கள் எல்லோரும் பந்தய வீரர்கள் இல்லையே! வளைவில் பயந்து காலை எடுப்பவர்கள்தான் அதிகம். 1970ல் தளர்த்திய அந்தப் பட்டைகள் காரை வேகமாக்கியதைவிட, பயந்தவர்களைப் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் பெரிய காரியம்.