குடியாத்தத்தின் காலியிடம்

சட்டமன்றத்தில் ஓர் ஆசனம் மூன்று வழிகளில் காலியாகும். உறுப்பினர் மரணமடையலாம், தாமே பதவியைத் துறக்கலாம், சட்டத்தின் கையால் பதவி பறிக்கப்படலாம். எவ்வழியில் காலியானாலும் அதனை நிரப்ப மக்களிடம் மீண்டும் செல்வதையே நம் முன்னோர் உபதேர்தல் என்றனர். இன்று இடைத்தேர்தல் என்கிறோம். இருநூற்று முப்பத்து நான்கு ஆசனங்களில் ஒன்றுதானே என்று இதனைச் சிறிதாக எண்ணுவோர் உண்டு. ஆயினும் தமிழகத்தின் அரசியல் வரலாறு பன்முறை அந்த ஓர் ஆசனத்தின் வாயிலாகவே நுழைந்து சென்றிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது 1954ஆம் ஆண்டு குடியாத்தத்தில் நிகழ்ந்தது.

அதன் பின்னணியைச் சற்றே நோக்குவோம். 1952ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில், ஆந்திரப் பகுதிகளையும் உள்ளடக்கிய அன்றைய சென்னை மாகாணத்தில் 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிட்டியவை 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லாத அந்நிலையில் ஆட்சி அமைக்க இராஜாஜி அழைக்கப்பட்டார். அன்னார் தேர்தலில் நின்றவர் அல்லர். ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேல்சபைக்கு நியமனம் செய்தார். நியமன உறுப்பினராகவே இராஜாஜி முதலமைச்சரானார். இதனை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார், வழக்கு தள்ளுபடியாயிற்று. சட்டம் இடம் கொடுத்தது உண்மையே. ஆனால் மக்களிடம் ஒரு வாக்குக்கூடக் கேளாதவர் மாகாணத்தை ஆள்கிறார் என்ற குறை, அவருடைய ஆட்சிக்காலம் முழுவதும் நிழல்போல் உடன் வந்தது. 1953இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், ‘குலக்கல்வித் திட்டம்’ என்று எதிர்ப்பாளர் சூட்டிய பெயராலேயே இன்றும் அறியப்படுவது, அக்குறையைக் கூர்மையாக்கிற்று. அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்ற அத்திட்டத்தால் எழுந்த கிளர்ச்சியின் முடிவில் 1954 ஏப்ரலில் அவர் விலகினார்.

காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் தலைமைக்குக் காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். 93 வாக்குகளுக்கு 41 என்ற கணக்கில் காமராசர் வென்றார். தோற்ற சுப்பிரமணியத்தையே தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். ஏப்ரல் 13ஆம் நாள் முதலமைச்சர் பொறுப்பேற்றபோது அவரும் சட்டசபை உறுப்பினர் அல்லர். நாடாளுமன்ற மக்களவையில் இருந்தவர். அரசியல் சட்டத்தின் 164ஆம் பிரிவு, உறுப்பினரல்லாத ஒருவர் அமைச்சராக ஆறு மாதம் இருக்கலாம் என்கிறது. அதற்குள் ஏதேனும் ஓர் அவையில் இடம்பெறாவிடில் பதவி தானே நீங்கிவிடும். காமராசருக்கும் மேல்சபை வாயில் திறந்தே இருந்தது. முன்னவர் அவ்வழியே சென்று காட்டியும் இருந்தார். அதனை விடுத்து, தம் சொந்த ஊராகிய விருதுநகருக்கு வெகுதொலைவில், வட ஆர்க்காட்டின் குடியாத்தத்தில் மக்கள்முன் நிற்க அவர் முடிவு செய்தார்.

அது எளிய தேர்வன்று என்பதை இன்றைய வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். கைத்தறியும் தீப்பெட்டியும் பீடியுமாக உழைப்பாளர் நிறைந்த ஊர் குடியாத்தம். எதிரில் நின்ற கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி.கே. கோதண்டராமன் மண்ணின் மைந்தர். பின்னர் 1957இல் அதே தொகுதியில் வென்று காட்டியவர். ஆனால் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டவர் என்ற முறையில் காமராசருக்குப் பெரியார் துணைநின்றார். காங்கிரசின் பகைமுகாமாகிய திராவிட முன்னேற்றக் கழகமும், அண்ணாவின் பேனா வழியே, குடியாத்தத்தில் அவருக்கு வழிவிட்டது. காமராசர் வென்றார். இராஜாஜியின் ஆட்சியைத் தொடர்ந்த குறை காமராசரின் ஆட்சியைத் தொடரவில்லை.

இவ்விடத்தில் நம் சமுதாயத்துக்குரிய ஒரு செய்தியையும் குறிக்க வேண்டும். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் முதல் 1946 வரை முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி முறை இருந்தது. முஸ்லிம் ஆசனம் ஒன்று காலியானால் நடைபெறும் உபதேர்தலில் முஸ்லிம்கள் மட்டுமே வாக்களிப்பர்; அவர்களுள்ளும் சொத்து, வரி, கல்வித் தகுதி உடையோர் மட்டுமே. அந்த முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபையில்தான் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப் 1946 முதல் 1952 வரை எதிர்க்கட்சித் தலைவராக வீற்றிருந்தார். புதிய அரசியல் சட்டம் தனித்தொகுதியை நீக்கி, வயதுவந்தோர் அனைவரையும் ஒரே பட்டியலில் சேர்த்தது. ஆகவே 1954இல் குடியாத்தத்து முஸ்லிம் நெசவாளியும் பீடித் தொழிலாளியும் தம் அண்டை வீட்டாருடன் ஒரே வரிசையில் நின்று, ஒரு முதலமைச்சரின் பதவியை நிலைநிறுத்தவோ நீக்கவோ உரிய வாக்கைப் பெட்டியில் இட்டனர். தந்தையர் காலத்தில் நினைத்தும் பார்க்க இயலாத அதிகாரம் அது.

ஆட்சியாளர் பதவியேற்றபின் மக்களிடம் அனுமதி கேட்பது நாம் கண்டுபிடித்த வழக்கமன்று. இங்கிலாந்தில் மக்களவை உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால், அவர் தம் ஆசனத்தை இழந்து மீண்டும் தேர்தலில் நிற்கவேண்டும் என்ற விதி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. 1908இல் வின்ஸ்டன் சர்ச்சில் அமைச்சரவையில் இடம்பெற்றபோது, அவ்விதியின்படி மான்செஸ்டரில் மீண்டும் நின்று தோற்றுப்போனார். டண்டீ நகரம் கைகொடுத்த பின்னரே அவர் அவைக்குத் திரும்ப முடிந்தது. 1919இல் தளர்த்தப்பட்ட அந்த விதி 1926இல் முற்றும் நீக்கப்பட்டது.

நம் நாட்டிலும் குடியாத்தத்தின் சோதனையில் தவறியோர் உண்டு. உத்தரப் பிரதேச முதலமைச்சர் டி.என். சிங் 1971இல் மணிராம் இடைத்தேர்தலில் தோற்றுப் பதவி இழந்தார். ஜார்க்கண்ட் முதலமைச்சர் சிபு சோரன் 2009 ஜனவரியில் தமார் தொகுதியில் வீழ்ந்தார். மாறாக, 1977இல் கேரளத்தில் ஏ.கே. அந்தோணி முதலமைச்சரானபோது, கழக்கூட்டம் தொகுதியை அவருக்காக விட்டுக்கொடுத்தவர் தலேக்குன்னில் பஷீர். தாம் வென்ற ஆசனத்தை மற்றொருவருக்காகத் துறப்பது அரசியலில் அத்துணை எளிதன்று.

தமிழகத்தில் காமராசருக்குப் பின் வந்தோர் யாது செய்தனர்? பழைய செங்கற்பட்டு மாவட்டமே இருவரைத் தந்தது. 1963இல் முதலமைச்சரான பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரின் சட்டமன்ற உறுப்பினர். அவருக்கு இடைத்தேர்தல் வேண்டியிருக்கவில்லை. காஞ்சி தந்த அண்ணா 1967இல் தென்சென்னையிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். முதலமைச்சரானதும் அவ்விடத்தைத் துறந்து மேல்சபையில் அமர்ந்தார். தென்சென்னையில் நடந்த இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வென்றார். அண்ணாவின் மக்கள் செல்வாக்கை யாரும் ஐயுறவில்லை. எனினும் வாயிலைப் பொறுத்தமட்டில் அவர் சென்றது இராஜாஜியின் வழியே அன்றிக் காமராசரின் வழியன்று. 1986 நவம்பரில் மேல்சபையே கலைக்கப்பட்டது. அன்று முதல் உறுப்பினரல்லாத முதலமைச்சருக்கு இடைத்தேர்தல் ஒன்றே வாயில்.

அவ்வாயில் வேண்டியவர்க்கு எத்துணை விரைவாகத் திறக்கும் என்பதைப் பின்னாளில் கண்டோம். வேட்புமனுக்கள் தள்ளுபடியான நிலையில் 2001 மேயில் முதலமைச்சரான ஜெயலலிதாவின் நியமனம் செல்லாதென்று அவ்வாண்டு செப்டம்பர் 21இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. டிசம்பரில் வழக்குகளிலிருந்து விடுபட்டார். தங்க தமிழ்ச்செல்வன் விலகிய ஆண்டிப்பட்டியில் 2002 பிப்ரவரியில் வென்றார். மார்ச் 2இல் மீண்டும் முதலமைச்சர். 2015இல் இன்னும் விரைவு. மே 17இல் வெற்றிவேல் இராதாகிருஷ்ணன் நகர் ஆசனத்தைத் துறந்தார். ஜூன் 27இல் வாக்குப்பதிவு. இடைவெளி நாற்பத்தொரு நாள்.

இனி அதே தொகுதியின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2016 டிசம்பர் 5இல் ஜெயலலிதா மறைந்தார். காலியிடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்பவேண்டும் என்று 1996இலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151-ஏ பிரிவு சேர்க்கப்பட்டிருந்தது. (அதற்குமுன் காலவரையே இல்லை. காயிதே மில்லத் 1972 ஏப்ரலில் மறைந்தபின், அவருடைய மஞ்சேரி மக்களவைத் தொகுதிக்கு சி.எச். முஹம்மது கோயா தேர்வானது 1973இல்தான்.) 2017 ஏப்ரல் 12 என்று நாள் குறித்தும், வாக்காளருக்குப் பணம் பாய்ந்தது என்று ஆணையம் தேர்தலை நிறுத்திற்று. டிசம்பர் 21இல் நடந்த தேர்தலில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக வென்றார். முதலமைச்சருக்காக நாற்பத்தொரு நாளில் நிரம்பிய அதே ஆசனம், வாக்காளருக்காக நிரம்ப ஓராண்டும் பதினாறு நாளும் ஆயின. பணம் கொடுத்தோர் செய்த குற்றத்துக்குத் தண்டனை, உறுப்பினரின்றிக் காத்திருந்த மக்களுக்கு விதிக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டே இதனினும் பெரிய காத்திருப்பு தொடங்கிவிட்டது. 2017 செப்டம்பர் 18இல் பேரவைத் தலைவர் தனபால் பதினெட்டு உறுப்பினர்களைத் தகுதிநீக்கம் செய்தார். வழக்கு தொடுக்கப்பட்டது; இடைத்தேர்தல் அறிவிக்கக்கூடாதென உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2018 ஜூனில் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். மூன்றாம் நீதிபதி அக்டோபர் 25இல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரலிலும் மேயிலும் வாக்குப்பதிவு நடந்து, மே 23இல் முடிவு வந்தது. ஏறத்தாழ இருபது மாதம் பதினெட்டுத் தொகுதிகளுக்கு அவையில் குரலில்லை.

அப்பதினெட்டில் ஒன்று திருப்போரூர். சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பில் நிற்பவருக்கு மேற்கே ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை. கிழக்கே சிறிது தொலைவில் திருப்போரூர்ப் பகுதி. மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் பெருகி, நிலமும் நீரும் ஏரிகளும் ஒவ்வொரு நாளும் புதிய வழக்கைச் சந்திக்கும் வட்டாரம் அது. நிலம் கொடுத்தவனும் வேலை தேடி வந்தவனும் மனுவோடு செல்லவேண்டிய முதல் வீடு சட்டமன்ற உறுப்பினருடையது. அந்த இருபது மாதமும் திருப்போரூரில் அவ்வீடு இல்லை. வாக்குப்பதிவு நாளில் தொழிலாளிக்கு ஊதியத்துடன் விடுமுறை அளிக்கவேண்டுமென்று சட்டம் உண்டு. அவனுக்கு உறுப்பினர் இல்லாத நாள்களுக்கு எந்த ஈடும் எச்சட்டத்திலும் இல்லை. 2019இல் அங்கே வென்ற தி.மு.க.வின் இதயவர்மனுக்குக் கிடைத்தது, ஐந்தாண்டில் ஈராண்டுக்கும் சற்றுக் குறைவு.

பதினெட்டின் பட்டியலை மேலும் படித்தால் பழைய பெயர்கள் எதிர்ப்படுகின்றன. ஆண்டிப்பட்டியில் அதே தங்க தமிழ்ச்செல்வன். இராதாகிருஷ்ணன் நகரை விட்டுக்கொடுத்த வெற்றிவேல், இம்முறை பெரம்பூரில். பிற்காலத்தில் காமராசர் நின்று வென்ற சாத்தூர். நம் வாசகர் பலருக்குப் பிறந்தகமோ புகுந்தகமோ ஆகிய, தோல் தொழில் மிகுந்த ஆம்பூர். அதற்கு அண்மையில், குடியாத்தம்.

குடியாத்தத்தில் 2019 இடைத்தேர்தலில் வென்ற தி.மு.க.வின் காத்தவராயன் ஒன்பது மாதமே அவையில் இருந்தார். 2020 பிப்ரவரி 28இல் மறைந்தார். கொரோனாத் தொற்று நாட்டைச் சூழ்ந்தது, இடைத்தேர்தல் நடைபெறவில்லை. மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவாயின் ஆறு மாத விதி பொருந்தாது. நாள்கள் நகர நகர அந்நிலையும் வந்தது. 2021 மேயில் பொதுத்தேர்தலின் முடிவு வரும்வரை ஆசனம் வெறுமையாகவே கிடந்தது. 2016இல் தொடங்கிய அச்சட்டமன்றத்தின் அறுபது மாதங்களில், ஒரு முதலமைச்சர் தேடிவந்து வாக்குக் கேட்ட குடியாத்தத்துக்கு உறுப்பினர் இருந்தது ஏறத்தாழ இருபத்தைந்து மாதம். இல்லாதிருந்தது ஏறத்தாழ முப்பத்து நான்கு மாதம்.